நியூ ஜெர்சிக்குள் இருந்தால்தான்

சட்டப்படி நடந்தவளுக்கு ஏன் சோறு இறங்கவில்லை என்று கேட்டால், டாக்டர் அனந்தலக்ஷ்மி என்ன பதில் சொல்வாள், பாவம்!

நியூ ஜெர்சியின் ஐசலினில் மனக்கஷ்டத்தைத் தமிழில் கேட்கிற சைக்காலஜிஸ்ட் அவள் ஒருத்திதான். பிள்ளை பெற்ற கையோடு வந்தவள் வான்மதி. குழந்தையைத் தூக்கவே பயம், கீழே போட்டுவிடுவேனோ என்று நடுக்கம். வாய்க்கு வாய் ஆன்ட்டி என்பாள். முதல் நாளே அனந்தலக்ஷ்மி திருத்திவிட்டாள். "டாக்டர்னு கூப்பிடும்மா. நான் உனக்கு ஆன்ட்டி இல்ல." ஆன்ட்டி என்றால் கோயிலில் மாமியாரிடம் போட்டுக்கொடுப்பாளோ என்ற பயம் வரும், அப்புறம் யார் மனதைத் திறப்பார்கள்?

பெண் தேறிவந்த நேரம் பார்த்து, கணவன் தீபக்குக்கு டெக்சஸில் ப்ராஜெக்ட் வந்தது. மூட்டை கட்டிக்கொண்டு டாலஸ் பக்கத்திலுள்ள காப்பெல் ஊருக்குப் போனார்கள். கொஞ்ச நாளில் அங்கிருந்து வான்மதியின் ஃபோன் வந்தது. தீபக் ஆபீஸ் போனதும் குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டு வாசலில் போய் நிற்கிறாளாம்.

அனந்தலக்ஷ்மியின் லைசென்ஸ் நியூ ஜெர்சிக்கு மட்டும். டெக்சஸில் இருப்பவளுக்கு ஃபோனில்கூட வைத்தியம் பார்க்கக் கூடாது. டாலஸில் ஒரு வெள்ளைக்கார டாக்டரைச் சொல்லி அனுப்பினாள். வான்மதியும் போய்ப் பார்த்துவிட்டு மறுபடி கூப்பிட்டாள்.

"அவங்க நல்லவங்கதான். ஆனா மாமியார் சொன்னதை இங்கிலீஷ்ல சொன்னா எனக்கே சப்புனு இருக்கு. நீங்க டாக்டரா பேச வேண்டாம். ஆன்ட்டியா ஒரு அஞ்சு நிமிஷம் பேசுங்களேன்."

"முடியாதும்மா" என்று சொல்லி ஃபோனை வைத்தாள் அனந்தலக்ஷ்மி.

அதோடு அழைப்பு நின்றது. பத்து வருஷம் படித்து வாங்கிய லைசென்ஸைக் காப்பாற்றிக்கொண்டோம், அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால்? காப்பெல் எண்ணைப் பாதி அழுத்துவாள், வைத்துவிடுவாள். அடிப்பாவி, ஒரு பெண்ணைக் கைவிட்டுவிட்டாயே என்று மனசு குத்தியது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஃபோன் அடித்தது. பின்னால் கடைவீதி இரைச்சல், குழந்தையின் அழுகை.

"டாக்டர், ஐசலின் ஓக் ட்ரீ ரோட்ல நிக்கறேன். பாப்பாவும் நானும் மட்டும்தான் ஃப்ளைட்ல வந்தோம். வழி பூரா மடியிலயே வெச்சிருந்தேன், கை நடுங்கிட்டே இருந்துச்சு. இப்ப நான் நியூ ஜெர்சிலதான் இருக்கேன். இப்ப பேசலாமா?"

அனந்தலக்ஷ்மி கார் சாவியைக் கையில் எடுத்தாள். எந்தக் கடை வாசல் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

"அங்கேயே இரும்மா. ஆன்ட்டி வரேன்" என்றாள்.