கசிகிற அன்றைக்கே வா

நீச்சல் குளத்துக்குள் கால் வைக்காமலே நான்கு ஆண்டுகளாக நீச்சல் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தாள் அவள். விளிம்பில் நிற்பாள், நீளக் கம்பை நீட்டுவாள், தத்தளிக்கும் பிள்ளை அதைப் பற்றிக்கொள்ளும். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் கம்பு மிஸ்.

"மிஸ், உங்களுக்கு நீச்சல் தெரியுமா, இல்ல கம்பு மட்டும்தான் சுத்துவீங்களா?" என்றாள் ஒரு வாயாடி.

குளமே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தாள். உள்ளே பற்றி எரிந்தது.

தெரியுமாவா? அவள் பாய்ந்தால் பக்கத்துத் தடத்தில் நீந்துகிறவர்கள் நின்று பார்த்த காலம் ஒன்று உண்டு! சிசேரியனில் மகள் பிறந்ததோடு அது முடிந்தது. மாதவிலக்கு நின்றது என்று மூச்சு விடுவதற்குள் மறுபடியும் கசியும். பழுப்பு நிறத்தில், சொட்டுச் சொட்டாக, பாதி மாதத்தைத் தின்றுவிட்டுத்தான் ஓயும். இனித் தண்ணீருக்குள் இறங்கவே முடியாதா? இந்த ஒரே கேள்வி அவளை உறங்கவிடவில்லை.

"பொம்பளைன்னா அப்படித்தான்," என்றது ஊர். இரண்டு முறை ஸ்கேன் எடுத்தாள். இரண்டு முறையும் "ஒண்ணுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லாததா ஒருத்தியைக் கரையிலேயே கட்டிப்போடும்?

மூன்றாவதாக ஒரு பெண் மருத்துவரிடம் போனாள். துணைக்கு மாமியார்.

"ஸ்கேன் எந்த சமயத்துல எடுத்தீங்க?" என்று கேட்டார் மருத்துவர்.

மருமகள் வாய் திறக்குமுன் மாமியார் முந்திக்கொண்டார். "எல்லாம் நின்னு, தலைக்குக் குளிச்சு, சுத்தமானப்புறம்தான் டாக்டர். அந்தக் கண்றாவியோட வந்து படுக்க நாங்க என்ன வெக்கங்கெட்டவங்களா?"

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, திருடன் ஓடிப்போனப்புறம் வீட்டைக் கூட்டிப் பெருக்கிட்டு, அதுக்கப்புறம் போலீஸைக் கூப்பிட்டிருக்கீங்க! கசியிற அன்னைக்கே வரணும்."

"அன்னைக்கேவா?" மாமியாரின் கை வாயைப் பொத்தியது.

அடுத்த முறை கசிந்த அன்றைக்கே வந்தாள். கூச்சத்தைக் காலணியோடு வாசலில் கழற்றிவிட்டு வந்தாள். ஸ்கேன் திரையில் சாம்பல் நிறத்துக்கு நடுவே கறுப்பாக ஒரு முக்கோணம் தெரிந்தது.

"இதோ! சிசேரியன்ல கர்ப்பப்பையைத் தச்ச இடம் சரியா கூடாம குழியா நின்னுடுச்சு," என்றார் மருத்துவர். "விலக்கு ரத்தம் இதுல தேங்கி, அப்புறம் நிதானமா கசியுது. குழி காலியா இருக்கறப்போ சுலபமா கண்ணுக்குத் தப்பிடும். இப்ப நிறைஞ்சிருக்கு, பளிச்சுனு தெரியுது."

"இருக்கு! அத்தை, இருக்கு!" படுத்தபடியே கத்தினாள் அவள்.

நோய் இருக்கிறது என்று கேட்டு ஒருத்தி கூத்தாடுவாளா? ஆடுவாள்! இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி எவளுடைய வேதனையைப் பொய்யாக்கினார்களோ, அவள் ஆடுவாள்!

மாமியார் திரைக்கு அருகே குனிந்தார். "இந்தத் துளியூண்டு குழியா இவளை இந்தப் பாடு படுத்துச்சு? சுத்தம் சுத்தம்னு நான்ல உன்னை நாள் தள்ளிப் போக வச்சேன். என் புத்தியை என்னடி சொல்றது!"

"அப்புறமா திட்டிக்கலாம் அத்தை. முதல்ல மருந்தைக் கேளுங்க."

முதலில் ஹார்மோன் மாத்திரை. விலக்கு குறைந்தால் தேங்குவதும் குறையும், பலருக்கு அதுவே போதும் என்றார் மருத்துவர். அவளுக்குக் கசிவு குறைந்தது, நிற்கவில்லை. போதாததற்குத் தலைவலியும் சேர்ந்துகொண்டது.

"அப்ப ஆபரேஷன்தான்," என்றார் மருத்துவர். "குழிக்கு மேல கர்ப்பப்பைச் சுவர் உங்களுக்குப் போதுமான கனமா இருக்கு. அதனால வயித்துல கை வைக்க வேண்டாம். கீழ்வழியா மெல்லிசான கேமராக் குழாயை விட்டு, குழியோட விளிம்பைச் செதுக்கி விடுவேன். ரத்தம் தேங்காம வடிஞ்சிடும். சுவர் மெலிசா இருந்திருந்தா வயித்து வழியாப் போய் வெட்டித் தைக்கணும். ஆனா எல்லாருக்கும் முழுசா சரியாகும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

"சத்தியம் வேணாம் டாக்டர். தேதி குடுங்க."

அறுவை முடிந்து அன்று மாலையே வீடு திரும்பினாள். சில வாரங்கள் தண்ணீர் கூடாது என்ற கட்டளையைப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்தாள். அடுத்த விலக்கு வந்தது. நின்றது. மறுநாள் கசியுமா? கசியவில்லை. அதற்கும் மறுநாள்? வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது! குளியலறைக் கதவைத் திறந்து அவள் போட்ட கூச்சலில், என்னவோ ஏதோவென்று மாமியார் கரண்டியோடு ஓடிவந்தார்.

மருத்துவர் சரி என்று சொன்ன அன்று மாலை, நீச்சல் உடையில் குளத்துக்கு வந்தாள்; மாமியாரும் பார்க்க வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். வாயாடி வாயைப் பிளந்தாள். கம்பு மிஸ் பாய்ந்தாள். தண்ணீர் இரண்டாகப் பிளந்து அவளை விழுங்கி, பாதிக் குளம் தாண்டித் துப்பியது. "மிஸ்! மிஸ்!" என்று பிள்ளைகள் விளிம்போரமாகவே ஓடினார்கள்.

மறுகரையைத் தொட்டு நிமிர்ந்தபோது, ஒரு மாணவியின் தாய் கம்பி வேலிமேல் குனிந்தாள். "மிஸ், உங்க அத்தை சொன்னாங்க. எனக்கும் சிசேரியன்தான். எனக்கும் அப்படியே... எப்பப் போய்க் காட்டணும்னு காதோட சொல்லுங்களேன்."

"காதோட எதுக்கு?" ஈரத் தலையை உதறினாள் அவள். படிக்கட்டில் தந்தைமாரும் இருந்தார்கள், இருக்கட்டும்! குளத்தின் கூரை அதிரக் கத்தினாள்: "கசியிற அன்னைக்கே போங்க!"

"ஆமா!" மேல்படியில் மாமியார் எழுந்து நின்றார். "நாள் தள்ளிப் போடாதீங்க!"

ஓர் ஆள் இருமினார். அந்தத் தாயோ தலையைக் குனியவில்லை. "எனக்கு இப்ப கசிஞ்சுட்டுதான் இருக்கு. அப்ப நாளைக்கே போறேன்," என்று உரக்கவே சொன்னாள். குளத்துக்குள் இருந்தவள் சுவரைக் காலால் உந்தி, அடுத்த சுற்றுக்குப் பாய்ந்தாள்.