தறப்பாளை உயர்த்திக் கட்டிய கதை

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. மோர்டனில் சிற்றிதழ் நடத்தும் குலசேகரம் பனிச் சிறப்பிதழ் போடுகிறாராம், நானும் ஒரு கதை தரவேண்டுமாம். பனி விழுந்தால் எங்கள் எழுத்தாளர்களுக்கு மூக்கும் ஒழுகும், கவிதையும் ஒழுகும். யன்னலோரம் நின்று ஊரை நினைத்து அழுகிற ஆறு கதைகள் வந்துவிட்டன என்று பெருமையாகச் சொன்னார். அழாத கதை ஒன்று தருகிறேன் என்றேன். வாய்க்கொழுப்பு.

2

தொடக்கம் ஒன்று: வெண்பனி லண்டன் மாநகரைப் போர்த்திய அந்த...

[வேண்டாம். இது ஏழாவது கதை.]

தொடக்கம் இரண்டு: 1991 பெப்ரவரியில், அம்பலவாணன் என்ற ஒரு விசர் மனிசன், பனிக்குள் படுக்கப்போகிறேன் என்று வீட்டுத் தோட்டத்தில் தறப்பாள் கட்டினார்.

இது பரவாயில்லை. சிரிக்கலாம்.

3

அம்பலவாணனுக்கு நாற்பத்தேழு வயது. ஹவுன்ஸ்லோவில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை. கூட வேலைசெய்யும் வெள்ளைக்காரர் மூன்று பேர் வருடா வருடம் பனிக்காலத்தில் காட்டுக்குப் போவார்கள். இரண்டு மரங்களுக்கு நடுவே ஹமொக் என்ற துணித்தொட்டிலைத் தொங்கவிட்டு, மேலே கூரையாகத் தறப்பாள் சீலையை இழுத்துக் கட்டி, அதற்குள் படுத்து எழும்பி வருவார்கள். வீட்டில் ஹீற்றர் வேலைசெய்கிறவர்களுக்கு வருகிற நோய் இது. வேலைக்குச் சேர்ந்த பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக அம்பலவாணனையும் கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை பயணம். மனிசன் பரிசு வாங்கிய பள்ளிப்பிள்ளை போலச் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

ஞாயிறு மத்தியானம் கட்டிப் பழகினார். எப்படி? கலியாணப் பந்தல் போல, உயரமாக, தட்டையாக!* பனி வழுக்கி விழ வழியில்லை. நடுவில் குழிவிழுந்து, அதில் சேர்ந்து, மொத்தமாக அவர்மேல் இறங்கியது. காறை எலும்பு முறிந்தது. பயணமும் போச்சு. முற்றும்.

* அவருடைய மனைவி தவமலர் அப்போது என்ன சொன்னாள் என்று எழுதி, வெட்டிவிட்டேன்.

4

முதல் வாசிப்பில் சிரித்தேன். இரண்டாம் வாசிப்பில் இந்த அம்பலவாணனை நம்ப முடியவில்லை. பன்னிரண்டு வருடம் காத்திருந்தவர் விசாரிக்காமலா கட்டியிருப்பார்?

விசாரித்தார். கூட வேலைசெய்கிறவர்கள் கீறிக்கொடுத்த படத்தைப் பார்த்துச் சரியாகவே கட்டினார். பேரிக்காய் மரத்துக்கும் உடுப்புக் கொடித் தூணுக்கும் நடுவே நெஞ்சளவில் கயிறு. அதன்மேல் தறப்பாள் கூரைபோல இரண்டு பக்கமும் செங்குத்தான சரிவாக நிலம்வரை. குளிர் கீழேயிருந்து ஏறும் என்று ஹமொக்கின் அடியில் ஒரு கம்பளி. குனிந்துதான் உள்ளே போகலாம்.

அவர் பெயர் யேசுரட்ணம். என் புருசன். தவமலர் நான்தான், உண்மைப் பெயர் மெற்றில்டா.

அன்று எங்கள் வீட்டில் செபமாலை. கோயில் பெண்கள் வந்திருந்தார்கள். டொலறஸ் யன்னலால் பார்த்து, நாய்க்குக் கட்டினதோ என்று கேட்டா. எங்கள் ஆட்களுக்குத் தெரியும், வருகிறவர் தலைகுனிந்து நுழைகிற மாதிரிப் பந்தல் போட்டால் அது வீட்டுக்கே குறை. நான் செருப்போடு பனிக்குள் இறங்கினேன்.

"இஞ்சாருங்கோ, சனம் சிரிக்குது. ஆள் நிமிர்ந்து போற உயரத்துக்குக் கட்டுங்கோ."

"பனி வழுக்கவேணும், மெற்றில்டா. பதிவா, நிலத்தோட சரிச்சுத்தான் கட்டவேணும்."

"உங்களுக்கு என்ன தெரியும்? என்னைப் பெத்த அய்யா கட்டாத பந்தலோ?"

என்னைப் பார்த்தார். பிறகு முடிச்சை அவிழ்த்தார்.

உயர்த்திக் கட்டிவிட்டு உள்ளே ஏறிப் படுத்தார். பனி கொட்டத் தொடங்கியது. மூன்றாம் தேவரகசியம் சொல்லிக்கொண்டிருக்கும்போது தறப்பாளின் நடு தொங்குவதைக் கண்டேன். [இந்த வரியையும் இரண்டு தடவை வெட்டினேன்.] செபத்தை நடுவில் விட்டு எழும்பினால் டொலறஸ் என்ன நினைப்பா? அந்த ரகசியத்தின் பத்துச் செபமாலை மணியும் உருட்டி முடியட்டும் என்று இருந்தேன். எட்டாவது மணியில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை அந்த வெள்ளைக்காரர் மூவரும் காட்டுக்குப் போனார்கள். அதற்கு முன் வீட்டுக்கு வந்து பார்த்தபோது, எங்கே பிழை வந்தது என்று கேட்டார்கள். நான்தான் பிழையாகக் கட்டினேன், எங்கள் ஊர்ப் பழக்கம் என்று சொல்லி இவர் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை. அவர்கள் பிறகு ஒருநாளும் கூப்பிடவில்லை.

5

முடிவு ஒன்று: மனைவி மன்னிப்புக் கேட்கிறாள். [பொய். ஐந்து வருடமாகிறது, கேட்கவில்லை.]

முடிவு இரண்டு: மறுவருடம் அவர்கள் திரும்பவும் கூப்பிட்டு...

[குலசேகரம் அழுவார். நான் எழுதமாட்டேன்.]

என் கதைகளை முதலில் வாசிப்பது இவர்தான், எழுத்துப்பிழை பார்க்க. மேசையில் இரண்டு கட்டுத் தாள் இருக்கிறது. ஒன்று மூன்றாம் பகுதியோடு முற்றும். மற்றது நீங்கள் கையில் வைத்திருப்பது.

"கதை முடிஞ்சுதோ? தாரும், பாத்துத் தாறன்."

வாசலில் நின்று கையை நீட்டுகிறார். அந்தக் கை இன்னும் தோளுக்கு மேலே உயராது. எந்தக் கட்டைக் கொடுக்க? நீங்கள் சொல்லுங்கள், கெதியாகச் சொல்லுங்கள், அவருக்குக் கை நோகும்.