படலையடியில் கேட்ட கேள்வி

தோணி ஊன்றும் மரக்கோலைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் படலையைத் திறந்தபோதுதான் நிதர்சனா கேட்டுவிட்டாள்.

"அங்கிள், இண்டைக்கு எந்தப் பக்கம் போறியள்?"

என் மனுசன் கிறிஸ்தோப்பர் கோலைச் சுவரில் சாத்திவிட்டு வந்து கதிரையில் இருந்தார். மீன்பிடித் தொழிலுக்குப் போகிற ஆளை எங்கே என்று கேட்டுவிட்டால் அன்றைக்கு நந்திக்கடலில் கால் வைப்பதில்லை. நிதர்சனா கொழும்பில் படிக்கிற பிள்ளை. எங்கள் சனத்தின் பழக்கவழக்கங்களை எழுதவென்று வந்து மூன்று கிழமையாக எங்களோடுதான் தங்கியிருந்தாள். இந்த வழக்கத்தையும் வந்த இரண்டாம் நாளே கொப்பியில் எழுதிக்கொண்டவள். வலை விடுகிற இடங்களை வரைபடத்தில் குறிக்கிற அவசரத்தில், எழுதினவளே கேட்டுவிட்டாள்.

பத்து மணிபோல அவர் என்னைக் கூப்பிட்டு, நாளைக்குப் பிள்ளையைப் பஸ் ஏற்றிவிடு என்றார். குசினிக்குள் போனேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தேங்காய்ப்பூ முடிந்து சிரட்டை கறகறவென்று சத்தம் போட்டது.

"சிரட்டையும் கறிக்குப் போடப்போறியோ பிள்ளை?"

அவள் சிரிக்கவில்லை. தான் போய்விடுவதுதான் சரி என்றாள். பிறகு, அந்த வழக்கம் எனக்குப் பிடிக்குமா என்று கேட்டாள். எத்தனையோ பேர் வந்து எதையெதையோ கேட்டு எழுதிப் போயிருக்கிறார்கள். இதை ஒருவரும் கேட்டதில்லை.

"எங்கட ஸ்ரனிஸ்லஸ் வெளிக்கிட்டுப் போகேக்க படலையில நிண்டு திரும்பிப் பாத்தவன். சண்டை இறுகின நேரம். எங்க போறாய் மகன் எண்டு கேக்க வாய் வந்தது. கேக்கக் கூடாதெண்டு நிண்டிட்டன். பிறகு அவனைக் காணேல்லையெண்டு பதியப்போன இடமெல்லாம், கடைசியா எந்தப் பக்கம் போனவர் எண்டுதான் முதல் கேள்வி."

கொப்பி பக்கத்தில்தான் கிடந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

விடியப்புறம் அவளுடைய பை வாசலில் இருந்தது. அவள் கதவுக்குப் பின்னால், அவர் போகும்வரை மூச்சுக்கூட விடாதவள்போல நின்றாள். அவர் கோலை எடுத்துக்கொண்டு படலைக்குப் போனார். நான் முற்றத்தில் இறங்கினேன்.

"எங்கயப்பா போறியள்?"

நாற்பத்தொரு வருசத்தில் முதல் தடவை. படலையைப் பிடித்த கை அப்படியே நின்றது. அந்தப் பிள்ளைக்கென்றால் பஸ் இருக்கிறது. என்னை எதில் ஏற்றிவிடுவார்?

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தோளிலிருந்த கோல் மெல்ல இறங்கியது. அதன் நுனி, இருட்டுக் கலையாத நந்திக்கடல் கரைக் கண்டல் மரங்களின் பக்கம் நீண்டு, அப்படியே நின்றது.