பென்னலூர் காற்றுக்கோபுரம்

உலகக் கட்டடக்கலை வரலாறு சற்றே எழுந்து நின்று கேட்கவேண்டிய செய்தி இது: பென்னலூரில், முனிரத்தினம் மேஸ்திரி வீட்டு மொட்டைமாடியில், பன்னிரண்டடி உயரக் காற்றுக்கோபுரம் ஒன்று எழுந்துவிட்டது.

தெருவுக்கு அதன் பெருமை புரியவில்லை. "இன்னா மேஸ்திரி, புறா வளக்கப் போறியா?" என்று கேட்டது.

முனிரத்தினம் பதினோரு வருஷம் ஷார்ஜாவில் கொத்துவேலை பார்த்தவர். மின்விசிறி இல்லாத காலத்தில் அந்த ஊர்க்காரர்கள் மேலே போகிற காற்றைப் பிடித்து வீட்டுக்குள் இறக்கிய கோபுரங்களை, ஒரு புது ஹோட்டலுக்காக அச்சு அசலாகக் கட்டியவர். இப்போது கட்டியது மனைவி லீலாவுக்காக. அவளுக்கு செல்போன் தயாரிக்கும் கம்பெனியில் நைட் ஷிப்ட். பகலில் புழுக்கத்தில் புரண்டுவிட்டு, போன வாரம் லைனிலேயே கண்ணயர்ந்துவிட்டாள். இன்னொரு தபா தூங்கினால் வேலை இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

கேள்விப்பட்டு, கட்டடக்கலைப் பேராசிரியர் சிவசங்கர் இருபது மாணவர்களோடு வந்து இறங்கினார். இஸ்லாமிய நகரங்களின் பண்பாட்டுத் தொடர்ச்சி பற்றி வெயிலில் நின்று முக்கால் மணி நேரம் பேசினார். "வடிவம் பிழைத்தால் நாகரிகம் பிழைக்கும்!" என்று முடித்தார். முனிரத்தினத்துக்குப் புல்லரித்தது.

"வடிவம் பொழச்சிக்கிச்சி சார்," என்றாள் லீலா. "காத்து எப்போ வரும்?"

பேராசிரியருக்கு அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது.

பேராசிரியரின் பஸ் போனதும் லீலா வீட்டுக்குள் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கோபுரத்தின் அடியில் பிடித்தாள். புகை அசையாமல் புருஷன் பெண்டாட்டி இருவரையுமே பார்த்துக்கொண்டு நின்றது.

"யோவ், மேல தொறந்து கீதா?"

"இன்னா லீலா இப்டி கேக்கற? ஷார்ஜாவுல எல்லாம் அடைச்சிதான் வுட்டோம். உள்ள ஏ.சி. பைப்பு போவும்ல?"

"நம்ம வூட்ல ஏ.சி. கீதாய்யா?"

பதினோரு வருஷத்தில் தான் கட்டிய ஒரு கோபுரத்திலும் காற்று நுழைந்ததில்லை என்பது அப்போதுதான் முனிரத்தினத்துக்கு உறைத்தது. சுத்தியலை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார். தான் பூசிய வழவழப்பான பூச்சைத் தானே உடைப்பது பெற்ற பிள்ளையை அடிப்பது போலிருந்தது. அடித்தார்.

கிழக்கு முகம் திறந்தது. இரண்டு மணிக்குக் கடற்காற்று, தொழிற்சாலைக் கூரைகளையெல்லாம் தாண்டி வந்து, வழி கேட்காமல் உள்ளே இறங்கியது. லீலாவின் முந்தானை அசைந்தது. "பரவால்லையே, மேஸ்திரிதான்யா நீ," என்று சொல்லிக்கொண்டே பாயில் சாய்ந்தாள். "ஏழு மணிக்கு எழுப்பி வுடு. எட்டுக்கு பஸ்ஸு."

"நீ தூங்கு. நான் காவல் கீறேன்."

அவள் குறட்டை விட ஆரம்பித்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு கேட்ட குறட்டை. முனிரத்தினம் பக்கத்தில் உட்கார்ந்து அதை ரசித்தார். கோபுரத்தையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டார். நாகரிகம் பிழைத்துவிட்டது என்று தோன்றியது. கொஞ்சம் சாய்ந்துகொண்டால் இன்னும் நன்றாகத் தெரியும் போலிருந்தது.

எட்டு மணிக்கு வந்த கம்பெனி பஸ் மூன்று தரம் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது.