அட்மினைக் கூப்பிடுங்க

மாப்பிள்ளைக்கு ஆபீசில் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரு லைப்ரரி. புத்தகம் அடுக்குகிற லைப்ரரி இல்லை. ஒரு மென்பொருளை முதன்முதலாக நிறுவும்போது பெயர் கேட்டு, பாஸ்வேர்டு கேட்டு, 'அடுத்து, அடுத்து' என்று கடைசிவரை கூட்டிக்கொண்டு போகுமே, அந்தத் திரைகளுக்கு வேண்டிய துண்டுகளையெல்லாம் அவன் ஒரேயடியாகச் செய்து வைத்துவிட்டான். யார் வேண்டுமானாலும் எடுத்து மாட்டிக்கொள்ளலாம். பல கம்பெனிக்காரர்கள் மாட்டியும் கொண்டார்கள்.

"எவனும் படிக்க மாட்டான். அடுத்து அடுத்துன்னு அமுக்கிட்டே போவான். அதான் எல்லாக் கட்டத்தையும் நானே நிரப்பி வச்சிருக்கேன்" என்று மீட்டிங்கில் மார்தட்டினான். எல்லோரும் கைதட்டினார்கள்.

அட்மின் தொலைபேசி எண் என்ற கட்டத்தில்தான் வினை இருந்தது. சோதித்துப் பார்க்க எண் ஒன்று தேவைப்பட்டது. வாய்க்கு வந்ததைப் போட்டால் திரை ஏற்கவில்லை. அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்றே ஒன்றுதான். கல்யாணத்துக்கு முன்னால் மனைவியாகப் போகிறவளோடு பேச அடித்து அடித்து விரல் பழகிய மாமனாரின் எண். மாமனார் தவறிய பிறகு மாமியார்தான் அதை விடாமல் வைத்திருந்தார். அப்புறம் எடுத்துவிடலாம் என்று போட்டான். அந்த அப்புறம் வரவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அது அவனைத் தேடி வந்தது.

"பாருங்க மாப்பிள்ளை, மறுபடியும் அடிக்குது. யார் யாரோ கூப்பிடறாங்க. நீங்களே என்னன்னு கேளுங்க."

எடுத்தான். ஏதோ ஒரு விடுதியின் வரவேற்பறையில் இருக்கும் பெண். "சார், 'எல்லாம் தயார், சந்தேகம்னா அட்மினைக் கூப்பிடுங்க'ன்னு திரையில இந்த நம்பர்தான் போட்டிருக்கு."

அந்த வாக்கியம் அவன் எழுதியது. காது மடல் சுட்டது. "ராங் நம்பர்ங்க" என்று வைத்துவிட்டான்.

மாமியார் மகன் பக்கம் திரும்பினார். மச்சினன் விளையாட்டுப்பிள்ளை என்று குடும்பமே முத்திரை குத்தி வைத்திருந்த ஆள். "எல்லாம் இவன் வேலை. எங்க போனாலும் என் நம்பரைக் குடுத்துட்டு வந்துடுவான்."

"சத்தியமா நான் யாருக்கும் குடுக்கலம்மா."

"உங்கப்பா நம்பர்டா அது! பொய் வேற சொல்றியா? இனிமே இந்த வாசப்படி மிதிக்காத."

மச்சினன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டான். மாப்பிள்ளை உண்மையைச் சொல்லவில்லை. அதுகூடப் பரவாயில்லை, பெரிய மனுஷன் மாதிரி "விடுங்க அத்தை, சின்னப் பையன்தானே" என்று வேறு சொன்னான்.

மறுநாள் முதல் வேலையாக எண்ணை எடுத்துவிட்டுப் புதிய பதிப்பை வெளியிட்டான். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் ஏற்கெனவே மாட்டியவர்களின் திரைகளில் பழைய எண் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தது. மாமியாரின் போன் ஓயவில்லை. மச்சினன் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அடுத்த முறை அவன் போனபோது மாமியார் போனை அவன் முன்னால் வைத்தார். "இந்த நம்பரை மூடிடுங்க மாப்பிள்ளை. அவரோடதுன்னுதான் இத்தனை நாளா வச்சிருந்தேன். இனிமே முடியல. உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"தெரியும் அத்தை. அவன் குடுக்கல. நான்தான் என் வேலையில இந்த நம்பரைப் போட்டு வச்சு, எடுக்காம விட்டுட்டேன். அன்னைக்கு அந்தப் பொண்ணு பேசினப்பவே புரிஞ்சிடுச்சு."

மாமியார் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அன்னைக்கே தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

அவன் தலையாட்டினான்.

அவர் மகனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, போனை மாப்பிள்ளை பக்கம் நகர்த்தினார். "நீங்களே சொல்லுங்க."

மச்சினன் உடனே எடுத்தான். இந்தப் பக்கம் யார் பேசப்போகிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"அம்மா, இன்னைக்கும் யாராவது கூப்பிட்டாங்களா? நான் இல்லம்மா. சத்தியமா நான் குடுக்கலம்மா."

மாப்பிள்ளை போன் பக்கம் குனிந்தான். "நீ குடுக்கல. நான்தான்" என்றான்.