மேல் ஏரிக் கல்

லோரி காஜாங் கடைத்தெருவைத் தாண்டி மலைச்சாலையில் ஏறத் தொடங்கியதும், பவுனம்மாளின் மடியில் இருந்த துணிமுடிச்சு மெல்லக் கிணுகிணுத்தது. பள்ளம் வந்தபோதெல்லாம் அது குரல் கொடுத்தது. இரண்டு கைகளாலும் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தாள். யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. லோரியின் இரைச்சலையும் மீறித் தம்புசாமி பேசிக்கொண்டிருந்தார்.

தம்புசாமி அவளுடைய நாத்தனார் தனலெட்சுமியின் கணவர். ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் கணக்கெழுதும் கிராணி. புது ராஜாவுக்கு லண்டனில் முடிசூட்டு என்று லீவு விட்டதும், பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸ்காரர்களை எல்லாம் கிளப்பி, காஜாங் வரை ரயிலிலும் அங்கிருந்து வாடகை லோரியிலுமாக மூன்று ஏரி பார்க்கக் கூட்டிவந்தவர் அவர்தான். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது, "தங்கச்சி, நீ கொஞ்சம் பொறுத்து வாம்மா, எல்லாரும் முன்னால போயிடட்டும்" என்று தணிந்த குரலில் சொன்னவரும் அவரே. நல்ல மனுஷர். சொல்லும்போது அவர் முகத்தில் சங்கடம் இருந்தது. விதவை முன்னால் வந்தால் பயணம் விளங்காது என்பதை அவராகக் கண்டுபிடிக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டு, சமையல்கட்டில் நின்று காலடிச் சத்தங்கள் ஓயும்வரை காத்திருந்தாள் பவுனம்மாள். காத்திருப்பது அவளுக்கு ஒத்துவந்தது. பெட்டியின் அடியிலிருந்து அந்த முடிச்சை எடுத்து மடியில் செருகிக்கொள்ள அப்போதுதான் நேரம் கிடைத்தது.

முடிச்சுக்குள் இருந்தவை வளையல் துண்டுகள்.

அவள் புருஷன் சின்னையா சர்வே இலாகாவில் நிலம் அளக்கச் சங்கிலி பிடிக்கும் வேலை பார்த்தான். போனால் வாரக்கணக்கில் காடுதான். திரும்பி வரும்போது காலெல்லாம் அட்டை கடித்த தழும்போடு வந்து, சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து மலைக்கதை சொல்வான். எல்லைக்கல் நடுவதைப் பற்றிச் சொல்வதில் அவனுக்கு ஒரு பெருமை. "கல்ல நட்டுட்டா மட்டும் போதாது பவுனு. யானை முட்டித் தள்ளிடும், காட்டுப்பன்னி தோண்டிடும், ஆளுங்களே புடுங்கித் தள்ளிப் போட்டுடுவானுங்க. அதனால குழியில, கல்லச் சுத்தி, மக்காத சாமானா ரெண்டு போட்டு மூடுவோம். கரி, ஓடு, ஒடஞ்ச புட்டி, எது கெடைச்சாலும் சரி. கல்லு போனாலும் அது கெடக்கும். பின்னால வர்றவன் தோண்டிப் பாத்துட்டு, ஆமா, இங்கதான் இருந்துச்சுன்னு சொல்லிடுவான்."

ஒருநாள் குழாயடியில் அவள் கை வளையல் உடைந்தது. துண்டுகளைக் கூட்டிக் குப்பையில் கொட்டப் போனவளை அவன் தடுத்தான். கண்ணாடிதானே, மக்காது. புகையிலை சுற்றி வந்த காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போனான். அதன்பிறகு அது வழக்கமாகிவிட்டது. அவள் கையில் எது உடைந்தாலும் மாடக்குழியில் சேரும். அவன் கிளம்பும்போது கூடவே போகும். "என் வளையலயெல்லாம் கொண்டுபோய் மலைக்குப் போடுறீங்களே, தாலி கட்டுனது எனக்கா அதுக்கா?" என்று கேட்டால், "ரெண்டு பேருக்குந்தான்லா" என்று சிரிப்பான். டெங்கில் பக்கத்துத் தோட்டங்களிலும் உலு லங்காட் காடுகளிலும் எந்தெந்தக் கல்லடியில் தன்னுடைய பச்சையும் சிவப்பும் கிடக்கின்றன என்று அவளுக்குத் தெரியாது. கிடக்கின்றன என்பது மட்டும் தெரியும். காசுமாலை போட்டுக்கொண்டவளைப் போல அந்த நினைப்போடு அவள் நடமாடியிருக்கிறாள்.

கடைசித் தடவை அவன் காய்ச்சலோடு இறங்கி வந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன், பல் கிட்டிய குளிருக்கு நடுவில், வேலை விஷயந்தான் பேசினான். "மேல் ஏரிக் கரையில நட்டதுதான் கடைசிக் கல்லு. தலையில சர்க்கார் அம்புக்குறி வெட்டுறப்ப உளி நழுவிடுச்சு. ஒரு பக்கம் நீண்டு போச்சு. தொரை கத்துனான். குழியில போட ஒண்ணுமில்ல பவுனு, இந்தத் தடவை ஒன் வளையல் ஒண்ணும் ஒடையலயே. வெறும் கரியத்தான் போட்டேன். அடுத்த தடவை போறப்ப போடணும்."

அடுத்த தடவை இல்லை. பத்தாம் நாள் கிள்ளான் ஆற்றங்கரையில் கிழவிகள் அவள் கைகளைச் சேர்த்துப் பிடித்து வளையல்களை உடைத்தார்கள். உடைந்ததை ஆற்றோடு விட்டுவிட வேண்டும். தலையில் குடங்குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, மடியில் விழுந்த துண்டுகளை அவள் ஈரப் புடவையோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டாள். அதை வீட்டில் வைத்திருப்பது தெரிந்தால் தனலெட்சுமி என்ன சொல்வாள் என்று நினைக்கவே பயம். அவள் வீட்டுப் பின்னறையில்தான் நாலு வருஷமாகப் பவுனம்மாள் தையல் மிஷினோடு ஒண்டியிருக்கிறாள். இன்றைக்கு மேல் ஏரிக் கரையில் அந்தக் கல்லைத் தேடிப் பிடித்து, விட்டுப்போன வேலையை முடித்துவிட்டு வந்துவிட வேண்டும். அதற்காகத்தான் வந்தாள். "நானும் ஏரி பாக்க வரட்டுமா?" என்று அவளாகக் கேட்டபோது வீடே ஆச்சரியப்பட்டது.

லோரி நின்ற இடத்திலிருந்து நடை. ஒரு காலத்தில் ஈயச் சுரங்கத்துக்குத் தண்ணீர் இறக்குவதற்காகச் சீனர்கள் மலையோடையை மறித்துக் கட்டிய ஏரிகள் அவை. படிக்கட்டுபோல ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று. ஈயம் தீர்ந்து ஆட்கள் போனதும் காடு வந்து மூடிக்கொண்டது. பிறகு சர்க்கார் மலையை அளந்து எல்லை போட்டு, இனி இங்கே மரம் வெட்டவோ மிருகம் சுடவோ கூடாது என்று சொல்லி, கரையோரமாக நடைபாதையும் போட்டது.

முதல் ஏரி தேயிலைச் சாயம்போலப் பழுப்பாக இருந்தது; அடியில் மூழ்கிய மரங்களின் நுனிகள் வெள்ளெலும்பாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. இரண்டாவதில் ஆகாயம் அப்படியே இறங்கிக் கிடந்தது. யாரோ ஒரு கல்லை எறிந்து அதை உடைத்தார்கள். வளையங்கள் கரைவரை வந்து பவுனம்மாளின் பாதத்தருகே ஓய்ந்தன. இந்தத் தண்ணீரில்தான் அவன் முகம் கழுவியிருப்பான், இந்தப் பாறையில் வேட்டியைக் காயப்போட்டிருப்பான் என்று ஒவ்வோர் இடமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். வருத்தமாக இல்லை. அவன் வேலை செய்த வீட்டைச் சுற்றிப் பார்ப்பதுபோல இருந்தது.

"இன்னும் எவ்வளவு தூரம் ஏறணும்?" என்று தனலெட்சுமி மூச்சு வாங்கினாள்.

"தோ, அந்தத் திருப்பம் தாண்டுனா வந்துரும்."

"முன்னாடி திருப்பத்துலயும் இதத்தான் சொன்னீங்க. ரயில்வேயில டைம்டேபிளும் நீங்கதான் போடுறீங்களாக்கும்! அதான் எந்த வண்டியும் நேரத்துக்கு வரமாட்டேங்குது."

எல்லோரும் சிரித்தார்கள். தம்புசாமியும் சிரித்துக்கொண்டே முன்னால் போனார்.

மேல் ஏரி சின்னது. மூன்று பக்கமும் மலை நெருக்கி நின்றதால் வெயில் படாமல் கருநீலமாக இருந்தது. பனி இன்னும் ஒரு மூலையில் தங்கியிருந்தது. பவுனம்மாள் கரை நெடுகப் பார்த்தாள். கல்லைத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நாலு கம்பு நட்டுத் தகரம் போட்ட கொட்டகையின் கீழ், மஞ்சள் துணி கட்டி, சந்தனமும் குங்குமமும் அப்பி, முன்னால் சீனர்கள் கொளுத்தி வைத்த ஊதுவத்திக் குச்சிகளோடு அது நின்றது.

"வேலவரு!" என்றார் தம்புசாமி, செருப்பைக் கழற்றியபடி. "போன வருஷம் வந்தப்ப நாந்தான் மொதல்ல பாத்தேன். புல்லு மூடிக் கெடந்தாரு. யாரும் செதுக்கல, யாரும் வைக்கல. தானா முளைச்சவரு. தலையில பாருங்க, வேலு! ஒரு பக்கம் மட்டும் நீண்டிருக்கு பாத்தீங்களா? அது மயில் தோகை."

பவுனம்மாள் பார்த்தாள். நாலு பக்கமும் சதுரமாகச் செதுக்கிய சர்க்கார் கல். தலையில், குங்குமத்துக்கு அடியில், மூன்று கோடு கூடிய அம்பு. இடது கோடு அளவுக்கு மீறி நீண்டு, கல்லின் விளிம்பில் ஒரு சில்லைப் பெயர்த்துக்கொண்டு முடிந்திருந்தது. உளி நழுவிய இடம். அங்கேதான் யாரோ ஒரு செம்பருத்தியை வைத்திருந்தார்கள்.

சிரிப்பு வந்தது அவளுக்கு. அவன் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். தொரையிடம் திட்டு வாங்கித் தந்த கோடு, மயில் தோகை ஆகிவிட்டது. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். இது என் புருஷன் நட்ட கல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்; தைரியமாக உட்கார்ந்து கல்லடியைத் தோண்டலாம். அதற்குள் தனலெட்சுமி முன்னால் போய் மண்ணில் முழங்காலிட்டுவிட்டாள்.

"அப்பனே, எங்கண்ணனக் கொண்டுபோன அதே காய்ச்சலு. அண்ணன எடுத்துக்கிட்ட. எம்புள்ளையத் திருப்பிக் குடுத்துட்ட. அது போதும்யா, அது போதும்" என்று தேம்பினாள். மழைக்காலத்தில் அவள் மகன் பிழைப்பானோ மாட்டானோ என்று கிடந்தபோது, இந்த மலைக்குத்தான் மஞ்சள் துணியில் காசு முடிந்து வேண்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் 'மலை வேலவர்' என்று பேசியபோதெல்லாம் பவுனம்மாள் ஏதோ கோயில் என்று நினைத்திருந்தாள்.

திறந்த வாயை மூடிக்கொண்டாள். தேங்காய் உடைத்தார்கள், சூடம் காட்டினார்கள். தட்டு எல்லோரிடமும் போய் அவளருகே வராமல் திரும்பியது. அவளும் எப்போதும்போலக் கொட்டகைக்கு வெளியே ஓரமாகவே நின்றாள்.

பந்தி தண்ணீரோரப் பாறைகளில் நடந்தது. புளிச்சோற்று வாசனையும் சிரிப்பும் மேலே வந்தன. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் பவுனம்மாள் கொட்டகைக்குள் குனிந்து போய்க் கல்லின் பின்பக்கம் உட்கார்ந்தாள். உடைத்துப் போட்டிருந்த தேங்காய் ஓடு ஒன்றை எடுத்துத் தோண்டினாள். மேல்மண் இளகியது, அதற்குக் கீழே கெட்டி. கை வலிக்க வலிக்க ஒரு சாண் போனதும் மண் நிறம் மாறியது. ஓட்டின் விளிம்பில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

கரி.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். பிறகு முடிச்சை அவிழ்த்தாள்.

"அண்ணி, சாப்பிடாம இங்க என்ன..."

இலைப் பொட்டலத்தோடு தனலெட்சுமி நின்றிருந்தாள். அவள் கண் குழியைப் பார்த்தது. அவிழ்ந்த துணியைப் பார்த்தது. பச்சைத் துண்டுகளை அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. சின்னையா கடைசித் தீபாவளிக்கு இரண்டு பேருக்கும் ஒரே மாதிரியாக வாங்கி வந்தவை. தனலெட்சுமியுடையது இன்னும் அவள் கையில் இருந்தது.

"அடிப்பாவி! ஆத்துல விட்டதுன்னுல்ல நெனச்சேன்." குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "இத்தன வருஷமா என் வூட்டுலயா வச்சிருந்த? சாமி காலடியில கொண்டாந்து... ஏன் அண்ணி?"

பவுனம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். சொல்வதற்கு எல்லாமே இருந்தது. எதைச் சொன்னாலும் முழங்காலிட்டு அழுத அந்த முகத்திடம்தான் சொல்ல வேண்டும்.

"ஒங்கண்ணன் வேலை ஒண்ணு பாக்கி நின்னுச்சு தனம்" என்றாள். "அவரு போடணும்னு சொன்னது. நான் போட்டுட்டுப் போறேன்."

அண்ணன் கல் நட்டுக் கரி போட்டு மூடுகிற வேலை பார்த்தவன் என்பது தனலெட்சுமிக்குத் தெரியாததல்ல. குழியில் தெரிந்த கரியைப் பார்த்தாள். கல்லின் சதுரமான முதுகைப் பார்த்தாள். அந்தப் பக்கம் யாரும் சந்தனம் பூசியிருக்கவில்லை.

கீழேயிருந்து தம்புசாமி குரல் வந்தது. "தனம்! தங்கச்சி சாப்பிட வருதா இல்லையா?"

"வருவோம், நீங்க மொதல்ல அந்த ஊறுகாயை மூடி வைங்க, எறும்பு மொய்க்கப் போவுது!" என்று சத்தம் போட்டுவிட்டு, தனலெட்சுமி இரண்டடி நகர்ந்து, முந்தானையை அகல விரித்து உதறுகிறவளைப் போலப் பாறைகளுக்கும் கல்லுக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

வளையல் துண்டுகள் கரியின்மேல் விழுந்தன. மண்ணைத் தள்ளி மூடும்போது இன்னும் இரண்டு கைகள் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்றில் பச்சை வளையல் குலுங்கியது. இரண்டு பேரும் மண்ணைத் தட்டிக் கெட்டியாக்கினார்கள்.

பனி ஏரி மூலையை விட்டு எழுந்து மரங்களுக்குள் போய்க்கொண்டிருந்தது. எழுந்த தனலெட்சுமி, மண்ணான விரலைக் கல்லின் தலையில் வைத்தாள். செம்பருத்தியை ஒதுக்கினாள். அம்பின் நடுக்கோட்டைத் தொட்டு, பிறகு அந்த நீண்ட இடதுகோட்டின் மேலாக, குங்குமத்தை வழித்தபடி, விரல் மெல்ல மெல்லப் போனது. சில்லுப் பெயர்ந்த விளிம்பில் போய் நின்றது. அங்கிருந்து அவள் அதை எடுக்கவில்லை.