ராஜவேலு ஏற்றி வைத்தது

உடம்பைக் குளிப்பாட்டி, புது வேட்டி சுற்றி, வாசல் பெஞ்சில் கிடத்தித் தாடைக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தபோதுதான் முனிசாமி கேட்டான்.

"அண்ணி, அண்ணன் துப்பாக்கி எங்க கீது?"

தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த முனியம்மாவுக்கு அழுகை சட்டென்று நின்றுபோனது. செத்துக் கிடந்தவர் அவள் புருஷன் ராஜவேலு. கேட்கிறவன் அவருடைய தம்பி.

"இப்போ இன்னாத்துக்கு அது?"

"இன்னா அண்ணி இப்டி கேக்கற? பள்ளத்துல எறக்கறப்போ சுட வேணாவா? எங்கப்பாவுக்கு அண்ணன்தான சுட்டாரு."

அந்தக் குடும்பத்தின் வழக்கம் அது. ஆண் செத்தால் அவனுடைய துப்பாக்கியை, அவன் கையால் கடைசியாகக் குழாயில் இடித்து ஏற்றி வைத்த வெடிமருந்தோடு, வானத்தைப் பார்த்து ஒரு தடவை சுட வேண்டும். புதிதாக ஏற்றக் கூடாது. சத்தம் எவ்வளவு பெரிதாகக் கேட்கிறதோ அவ்வளவுக்கு மனுஷன் நிறைவாய்ப் போனான் என்று அர்த்தம். மாமனாருக்குச் சுட்டபோது காவலூர் வரைக்கும் கேட்டது என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வார்கள். அதில் பாதி அளப்பு என்பது முனியம்மாவின் கருத்து. ஆனால் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

"அதுல மருந்து இருக்குதோ இல்லியோ" என்றாள்.

"அண்ணன் எப்பவும் ஏத்திதான் வெச்சிருப்பாரு. எனக்குத் தெரியாதா?"

அவளுக்கும் தெரியும். ஏற்றித்தான் இருக்கும். என்ன ஏற்றியிருக்கும் என்பது உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அடுப்புக்கரித் தூள்.

ராஜவேலு மலைமேல் உண்டு உறைவிடப் பள்ளியில் இரவுக் காவல். முனியம்மா அதே பள்ளியில் சமையல். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு கரடி பெண்பிள்ளைகளின் குளியலறைக் கதவைப் பெயர்த்துப் போட்டுவிட்டுப் போனது. பிள்ளைகள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாள் சாப்பாட்டுக் கூடத்தில் கூடிய பெற்றோர் கூட்டத்தில் கரடியைவிடப் பெரிய சத்தம் போட்டார்கள். வாட்ச்மேனுக்குத்தான் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதே, அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளட்டும் என்று பாதிப் பேர். கூடாது என்று பாதிப் பேர். கூடாது என்றவர்களுக்குத் தலைவர் கணக்கு வாத்தியார் கலையரசன்.

"கரடி எப்பவாச்சும் ஒரு தடவதான் வரும். துப்பாக்கி தெனம் இருக்கும். புள்ளைங்களுக்குப் பக்கத்துல தெனம் இருக்கறது எதுன்னு யோசிங்க" என்றார் அவர்.

ஒரு தாய் எழுந்து நின்றாள். "நீங்க சாயங்காலம் பஸ் ஏறி கலசப்பாக்கம் போய்டுவீங்க சார். ராத்திரில எங்க புள்ளைங்கதான இங்க படுத்துங்கீது?"

கடைசியில் தலைமையாசிரியை, பள்ளிக்குள் துப்பாக்கி கூடாது, பெரிய டார்ச் லைட் ஒன்று வாங்கித் தருகிறோம் என்று முடித்துவைத்தார். "சரிங்க மேடம்" என்று தலையாட்டினார் ராஜவேலு. அன்று சாயங்காலமே துப்பாக்கியைக் கம்பளிக்குள் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு காவலுக்குக் கிளம்பினார். மலைக்குளிரில் கம்பளி இல்லாமல் எந்தக் காவல்காரன் போவான்? ஒருவரும் சந்தேகப்படவில்லை.

முனியம்மா மட்டும் மடக்கினாள். "மேடத்துக்கிட்ட சரின்னு சொல்ட்டு வந்து இன்னா வேல இது?"

"டார்ச் லைட்ட பாத்து கரடி பயப்படுமா? அதுவும் நம்ம சாருங்க மாதிரின்னு நெனச்சிக்கினியா?"

அவளுக்கு வாத்தியார் சொன்னதும் நியாயமாகப் பட்டது, அந்தத் தாய் சொன்னதும் நியாயமாகப் பட்டது, புருஷன் சொன்னதில் சிரிப்பும் வந்தது. இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். அவர் துப்பாக்கி மருந்து வைத்திருந்த மாத்திரை டப்பாவைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, கரியை மைபோல அரைத்துச் சலித்து அதில் நிரப்பினாள். வாசனைக்கு மேலே பழைய மருந்து ஒரு சிட்டிகை. துப்பாக்கியை நீட்டினால் கரடியை மிரட்டின மாதிரி ஆச்சு. விசையைத் தொட்டாலும் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது.

பலித்தும்விட்டது. ராஜவேலு இரண்டு நாளைக்கொரு தரம் டப்பாவை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போவார். பழசைத் தட்டிவிட்டுப் புதுசு ஏற்றுகிறார் என்று அவள் நினைத்துக்கொள்வாள். டப்பாவில் தூள் குறையும். அவள் மறுபடி அரைத்து நிரப்புவாள். ஊரில் யாருக்கும் வராத மூளை தனக்கு வந்துவிட்டது என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. யாரிடமும் சொல்ல முடியாததுதான் குறை.

நேற்றுக் காலை காவல் முடிந்து வந்தவர், "நெஞ்சு கரிக்குது, டீ போடு" என்று கட்டிலில் உட்கார்ந்தார். டீயோடு வந்தபோது சுவரில் சாய்ந்திருந்தார். தூங்கட்டும் என்று டம்ளரைத் தட்டால் மூடி வைத்தாள். ஆறி ஏடு கட்டிய பிறகுதான் தொட்டுப் பார்த்தாள். கம்பளிச் சுருட்டு அப்போதும் அவர் தோளில்தான் இருந்தது.

மகன் சரவணகுமார் அந்தச் சுருட்டைப் பிரித்துத் துப்பாக்கியை எடுத்துவந்து அப்பாவின் பக்கத்தில் சாத்தினான். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறவன். முனியம்மா அவனை வீட்டுக்குள் கூப்பிட்டாள்.

"சுட வேணாம்னு சித்தப்பாகிட்ட சொல்லுடா. போலீசு வரப்போவுது."

"யாரும்மா வருவாங்க? அப்பாவுக்கு நான் இன்னா பெருசா செஞ்சிட்டேன்? இதாச்சும் நல்லா நடக்கட்டும்."

அவன் கண் கலங்கியதைப் பார்த்து முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். துப்பாக்கிக் குதிரையை இழுத்துவிடுவார்கள். குதிரை தட்டும் இடத்தில் செருகியிருக்கும், பொட்டுவெடி மாதிரியான கேப்பு மட்டும் 'டப்' என்று வெடிக்கும். அதற்குப் பிறகு ஒன்றும் வராது. இத்தனை சனத்துக்கு முன்னால், ராஜவேலு கரித்தூளைத் தூக்கிக்கொண்டு திரிந்தான் என்று ஆகிவிடும். அப்புறம் இந்த மனுஷன் பெயரே அதுவாகிப் போகும். பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். உயிரோடு இருந்தால் அவரும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவார். செத்தவரால் சிரிக்க முடியுமா?

ஒரு சொம்புத் தண்ணீரோடு வெளியே வந்தாள். துப்பாக்கிக் குழாயில் ஊற்றிவிட்டால், மருந்து நனைந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். துப்பாக்கியைச் சுற்றி நாலு கிழவர்கள் உட்கார்ந்து அதன் பூர்வோத்திரத்தைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் சொம்பைப் பார்த்து, "குடும்மா, தொண்ட காஞ்சி போச்சு" என்று வாங்கிக் குடித்துவிட்டார்.

வேறு வழியில்லாமல், துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும், "பனி ஜாஸ்தி. மருந்தெல்லாம் நமுத்துப் போயிருக்கும், சத்தம் வராது" என்று சொல்லி வைக்க ஆரம்பித்தாள். புருஷனைப் பறிகொடுத்தவள் எதையோ பிதற்றுகிறாள் என்று அவர்கள் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள்.

மத்தியானம் பள்ளியிலிருந்து பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். கலையரசன் வாத்தியார் மாலை போட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பள்ளம் வீட்டுக்குப் பின்னால், சாமைக் கொல்லை ஓரத்திலேயே தோண்டியிருந்தார்கள். மேளம் நின்றது. ராஜவேலுவைக் கயிற்றில் இறக்கினார்கள். முனிசாமி துப்பாக்கியைத் தூக்கி, குதிரையை இழுத்து, வானத்தைப் பார்த்துப் பிடித்தான். முனியம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு கண்ணை மூடினாள். சாமி, ஒரே ஒரு தடவை, அந்தாளு மானத்தைக் காப்பாத்து.

காது கிழிந்துபோகிற மாதிரி வெடித்தது.

முனிசாமி இரண்டடி பின்னால் தள்ளாடினான். எதிர்மலையில் மோதிய சத்தம் திரும்பி வந்தது. காக்காய்கள் கலைந்து பறந்தன. மாடு ஒன்று கட்டை அறுத்துக்கொண்டு ஓடியது. "அடேங்கப்பா!" என்று கிழவர்கள் தலையாட்டினார்கள். சரவணகுமார் ஓவென்று அழுதான். நிறைந்த மனசோடு அழுதான்.

முனியம்மா கண்ணைத் திறந்து புகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அசல் மருந்து. எங்கேயோ ஒளித்து வைத்து அதைத்தான் ஏற்றியிருக்கிறார். அப்படியானால் அவள் அரைத்து அரைத்து நிரப்பின கரி?

காலையில் கொட்டகைக்குப் பின்னால் தண்ணித் தொட்டிப் பக்கம் கறுப்புத் தண்ணியாகக் கிடக்குமே. பேஸ்ட் வாங்கி வந்தால், "எரியுது" என்று மகனிடம் கொடுத்துவிடுவாரே. இந்த வயசிலும் பல்லு எப்படிப் பளிச்சென்று இருந்தது! பாவி மனுஷா, இத்தனை வருஷமும் என் கரியிலேயா பல் விளக்கினாய்? அவள் ஜெயித்ததாக நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, சிரித்த மூஞ்சியோடு எதிரில் உட்கார்ந்து களி தின்றிருக்கிறார். அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பள்ளத்தில் கிடப்பவரை எழுப்பிக் கன்னத்தில் ஒன்று வைத்து, அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

கலையரசன் வாத்தியார் பக்கத்தில் வந்து நின்றார். காதைத் தேய்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"இன்னா சத்தம் ஆயம்மா! நல்லவேள, அன்னிக்கி கூட்டத்துல சொன்ன பேச்சக் கேட்டு இத பள்ளிக்கூடத்துக்கு எடுத்துகினு வராம இருந்தாரு. தங்கமான மனுசன்."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. தினம் கம்பளிக்குள் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்ததும் இதே அசல் மருந்துதானே?

போன கார்த்திகையில் ஒரு சாயங்காலம். ராஜவேலு சமையல்கட்டில் கம்பளிச் சுருட்டைச் சாத்திவிட்டு, "பாத்துக்க, மோட்டர் போட்டுட்டு வர்றேன்" என்று போனார். தேங்காய்ச் சில்லு கேட்டு வந்த மூணாம் வகுப்புக் கவியா கம்பளியைப் பிரித்துவிட்டாள். துப்பாக்கிக் குழாய்க்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தாள். ஒரு கை கீழே எதையோ நோண்டிக்கொண்டிருந்தது. கரிதானே என்று முனியம்மா சாம்பாரைக் கிண்டிக்கொண்டே வேடிக்கை பார்த்தாள்.

"இன்னாடி தெரியுது உள்ள?"

"ஒண்ணியும் தெர்ல ஆயா. கும்மிருட்டு."

"நல்லா கண்ண வெச்சிப் பாரு."

அவளே சொன்னாள். தன் வாயாலேயே சொன்னாள். வாசலில் வந்து நின்ற ராஜவேலுவின் முகத்தில் ரத்தமே இல்லை. கோழியைப் பிடிக்கிற மாதிரி மெல்ல வந்து, துப்பாக்கியைப் பிள்ளை கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனார். அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. "கொழந்த தொட்டதுக்கா இவ்ளோ கோவம்?" என்று அவள் கேலி பேசினாள். அதற்குப் பிறகு அவர் சோறு தின்னும்போதுகூட அந்தச் சுருட்டைத் தோளைவிட்டு இறக்கியதில்லை. அப்போதும் சொல்லவில்லை. எப்படிச் சொல்லியிருக்க முடியும்? அவளும்தான் சொல்லவில்லை.

"அண்ணி, மொத மண்ணு நீதான் போடணும், வா" என்றான் முனிசாமி.

முனியம்மா பள்ளத்தை விட்டு விலகி நடந்தாள். பெண்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். உதறினாள். பிள்ளைகளின் வரிசையில், இரண்டு காதையும் இன்னும் பொத்திக்கொண்டு நின்ற கவியாவின் முன்னால் போய்க் குந்தினாள். காதிலிருந்து அவள் கைகளை எடுத்துவிட்டாள்.

"அன்னிக்கி எந்தக் கண்ணாலடி பாத்த?"

கவியாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு பயந்துகொண்டே விரலால் தொட்டுக் காட்டினாள். "இதால ஆயா."

முனியம்மா அந்தக் கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினாள். உள்ளே இமை துடித்துக்கொண்டிருந்தது. பின்னால் முனிசாமி மறுபடி கூப்பிட்டான். அவள் கையை எடுக்கவில்லை. கவியா மற்றக் கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டு, ஆடாமல் நின்றாள்.